தலையெழுத்தும் மரபெழுத்தும்

"அது வாங்கி வந்த வரம் அவ்வளவுதான்!"

குழந்தை இறந்த வீட்டுத் திண்ணையில் இந்த ஒரு வாக்கியம் எப்படியும் ஒருவர் வாயிலிருந்து வந்துவிடுகிறது. ஆத்தூராயினும் சரி, இராசிபுரமாயினும் சரி, பரமத்தியாயினும் சரி, வாக்கியம் மாறுவதில்லை. சொல்பவர் கெட்டவர் அல்லர். ஆறுதல் சொல்வதாகவே எண்ணுகிறார். ஆனால் திண்ணையில் பிறந்த அந்த ஆறுதல் நடையைத் தாண்டி அடுக்களைக்குள் நுழையும்போது வேறு உருவம் எடுக்கிறது. "பிள்ளைக்கு ஆயுள் இல்லை" என்றது, "பெற்றவளுக்கு ராசி இல்லை" என்றாகிறது. ஜாதகக் கட்டைப் புரட்டுகிறவர் புத்திர தோஷம் என்கிறார். உடுக்கை அடிக்கிறவர் செய்வினை என்கிறார். பக்கத்து வீட்டுக்காரி, தீட்டோடு எவளோ வந்து நின்றதால் சீர் தட்டிவிட்டது என்கிறாள். விதி என்று தொடங்கிய பேச்சு ஒரு பெண்ணின் தலையில் போய் முடிகிறது. விதிக்கு முகவரி இல்லை; ஆகவே அதன் பெயருக்கு எழுதப்படும் கடிதமெல்லாம் மருமகளுக்கே பட்டுவாடா ஆகிறது.

குற்றம் யாருடையது? மண்ணில் விழுந்து ஓராண்டு நிரம்பாத குழந்தை, நேற்று வரை தவழ்ந்து சிரித்த குழந்தை, இன்று காலை கண் திறக்கவில்லை என்றால், அதற்குப் பொறுப்பு யார்? முன்வினை என்று சொல்லித் தப்பிக்க வைதிகத்துக்கு உரிமை இருக்கலாம், பகுத்தறிவாளருக்கு இல்லை. விடை தேடும் கடமை நமக்கு உண்டு. அந்த விடையை நம் உடலுக்குள் இருக்கும் ஒரே ஒரு மரபணுவைக் கொண்டு தேடிப் பார்க்கலாம்.

நாம் உண்ட சோறு உடலில் சர்க்கரையாகிறது. அதில் ஒரு பகுதியைக் கல்லீரல் சேமித்து வைக்கிறது. பெரியவருக்கு அந்தச் சேமிப்பு ஏறத்தாழ ஒரு நாள் தாங்கும். கைக்குழந்தைக்குச் சில மணி நேரமே தாங்கும். அது தீர்ந்ததும் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. கொழுப்பு அமிலம் என்பது கரியணுக்கள் கோத்த சங்கிலி. முழுக் கரும்பைக் கணுக்கணுவாக நறுக்குவதுபோல, உடல் அந்தச் சங்கிலியை இரண்டிரண்டு கரியணுக்களாக நறுக்கி எரிக்கிறது. 1904ஆம் ஆண்டில் பிரான்ஸ் நூப் என்ற ஜெர்மானியர் நாய்களுக்குக் கொழுப்பு அமிலங்களைத் தின்னக் கொடுத்து, அவற்றின் சிறுநீரைச் சோதித்து இந்த உண்மையைக் கண்டுபிடித்தார். பசுவின் சிறுநீரைக் குடித்துப் புண்ணியம் தேடிக்கொண்டிருந்த நாட்டுக்கு அப்பால், ஒரு மனிதர் நாயின் சிறுநீரைச் சோதித்து அறிவு தேடிக்கொண்டிருந்தார்!

நறுக்குவதற்குக் கத்தி வேண்டுமல்லவா? நொதிகளே அந்தக் கத்திகள். நீண்ட சங்கிலிக்கு ஒன்று, நடுத்தரச் சங்கிலிக்கு ஒன்று, குறுஞ்சங்கிலிக்கு ஒன்று எனத் தனித்தனியே உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை கரியணுக்கள் கொண்ட நடுத்தரச் சங்கிலியை நறுக்கும் நொதியைச் செய்யும் ஆணை, மனிதனின் முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. ஏ.சி.ஏ.டி.எம். என்பது அந்த மரபணுவின் பெயர். 421 அமினோ அமிலங்களை எந்த வரிசையில் கோக்க வேண்டும் என்று சொல்லும் ஓலை அது. அந்த ஓலையின் 985ஆம் இடத்தில் 'ஏ' என்னும் எழுத்து நிற்க வேண்டும். அங்கே 'ஜி' என்னும் எழுத்து வந்து நின்றால், செய்யப்படும் நொதி சரியாக மடிந்து உருப்பெறாமல் சிதைந்துபோகிறது. வேறு இடங்களிலும் பிழை வரலாம். ஐரோப்பியரிடையே மிகுதியாகக் காணப்படுவது இந்தப் பிழைதான். நான்முகன் தலையில் எழுதினான் என்றார்களே, அந்த எழுத்தை எவரும் படித்ததில்லை. இந்த எழுத்தை இன்று ஆய்வுக்கூடத்தில் எண்ணிப் படிக்கிறார்கள். எத்தனையாவது எழுத்து பிழை என்றும் சொல்லிவிடுகிறார்கள்.

ஒவ்வொருவருக்கும் இந்த ஓலை இரண்டு பிரதிகள். ஒன்று தாய் தந்தது; மற்றொன்று தந்தை தந்தது. ஒரு பிரதி பிழையானாலும் மற்றது காப்பாற்றிவிடும்; அவருக்கு எந்த நோயும் இல்லை, தமக்குள் பிழை இருப்பதே அவருக்குத் தெரியாது. இரண்டும் பிழையானால்தான் நோய். அந்த நோயும் பசி வரும்வரை வெளியே தெரியாது. பால் குடிக்கும், கஞ்சி குடிக்கும், நடை பழகும். ஒரு நாள் காய்ச்சல் வருகிறது, வாந்தி எடுக்கிறது, உண்ண மறுக்கிறது. இரவில் கல்லீரலின் சேமிப்பு தீர்கிறது. உடல் கொழுப்பை நாடுகிறது. கொழுப்பை நறுக்கக் கத்தி இல்லை. இரத்தத்தில் சர்க்கரை சரிகிறது. மயக்கம், வலிப்பு, சில வேளை விடியுமுன் மரணம். பெரும்பாலும் மூன்று மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் முதல் தாக்குதல். நோய் இன்னதென்று அறியாத நிலையில், நான்கைந்து குழந்தைகளில் ஒன்று அந்த முதல் தாக்குதலிலேயே இறந்தது. மருத்துவ உலகமே இந்நோயை 1980களின் தொடக்கத்தில்தான் அடையாளம் கண்டது. அதற்குமுன் இறந்தவை, காரணம் தெரியாமல் தொட்டிலில் இறந்த குழந்தைகள் என்ற கணக்கில் போயின.

இதற்கு மருந்து என்ன? மலையுச்சி மூலிகையா? கடல்கடந்து வரும் ஊசியா? நெடுநேரம் பட்டினி போடாதே என்பதுதான் மருத்துவம்! வேளாவேளைக்கு உணவு, உடல்நலம் குன்றிய நாளில் சர்க்கரைக் கரைசல், அதுவும் வயிற்றில் தங்காவிட்டால் உடனே மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றுதல். இவ்வளவே. இப்படி வளர்க்கப்படும் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே பள்ளிக்கு வரும், ஓடும், குறும்பு செய்யும்.

நம் பாட்டிமார்களோ "லங்கணம் பரம ஔஷதம்" என்று சொல்லிக்கொடுத்து வளர்த்தார்கள். பட்டினியே சிறந்த மருந்தாம்! காய்ச்சல் கண்ட குழந்தைக்குச் சோறு கொடுக்காதே, மந்தித்துப்போகும் என்று தடுக்கும் வீடுகள் இன்றும் உண்டு. பெரும்பாலான குழந்தைகள் அந்தப் பட்டினியைத் தாங்கிப் பிழைத்துக்கொண்டன. தாங்க முடியாத குழந்தையும் ஒன்றிருக்கும் என்பதை அந்தப் பழமொழி அறியாது. பிழைத்தவை பழமொழிக்குச் சான்றாயின. பிழைக்காதது விதிக்குச் சான்றாயிற்று. இரண்டு பக்கமும் வெற்றி பெறும் இத்தகைய வழக்கை வைதிகம் ஒன்றால்தான் நடத்த முடியும்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். நான் விவரித்த இந்த ஒரு நோய் வடமேற்கு ஐரோப்பியரிடையே பத்தாயிரம், இருபதாயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுவது. ஆசியரிடையே அதைவிட அரிது. ஆனால் அதற்கு உடன்பிறப்புகள் பல நூறு. கொழுப்பை முறிப்பதில் கோளாறு, புரதத்தை முறிப்பதில் கோளாறு, சர்க்கரையை முறிப்பதில் கோளாறு எனத் தனித்தனியே எடுத்தால் எல்லாம் அரியவை. கூட்டிப் பார்த்தால் அரியவை அல்ல. ஐதராபாத்தில் 18,300 பச்சிளங்குழந்தைகளைச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வகைப் பிறவிக் கோளாறு ஆயிரத்துக்கு ஒரு குழந்தையிடம் இருப்பதாகக் கூறிற்று. இவற்றில் மிகப் பல, மேலே சொன்ன இரட்டைப் பிரதிக் கணக்கின்படியே வருபவை.

அந்தக் கணக்கு என்ன சொல்கிறது என்பதைத்தான் நம் ஊர் இன்னும் காதில் வாங்கவில்லை. திருச்செங்கோட்டு மலைமேல் பாதி ஆண், பாதி பெண் என்று ஓர் உருவத்தை வைத்து வணங்குகிறார்கள். அதைச் செய்த சிற்பி கடவுளைக் கண்டானோ இல்லையோ, மனிதனைக் கண்டிருக்கிறான். நாம் ஒவ்வொருவரும் அப்படிப்பட்டவர்களே. மரபணுவில் பாதி தந்தை தந்தது, பாதி தாய் தந்தது. இந்நோய் வர இரண்டு பாதியிலும் பிழை இருந்தாக வேண்டும். கணவனிடமிருந்து ஒன்று வராமல் மனைவியிடமிருந்து வந்தது மட்டும் எந்தக் குழந்தையையும் கொல்லாது. மலையேறி, பாதிக்குப் பாதி என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கணவர், மலையிறங்கி வீட்டுக்கு வந்ததும் முழுப்பழியையும் ஒரு பாதியின்மேல் போடுகிறாரே, இது எந்த ஊர் நியாயம்? உண்மையில் இருவருக்கும் பழி இல்லை. தாம் அறியாத எழுத்தைத் தாம் அறியாமல் கொடுத்தவர்கள் அவர்கள். இருவரும் சுமப்பவர்களாயின், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு இடர் உண்டு. முதல் குழந்தை சென்ற பிறவியில் பாவம் செய்தது, இரண்டாம் குழந்தை செய்யவில்லை என்பதா இதற்கு விளக்கம்? காசைச் சுண்டினால் பூ விழுவதற்கும் தலை விழுவதற்கும் யாருடைய புண்ணியம் காரணம்?

தாயின்மேல் பழி போடுவது நம் நாட்டு மூடரின் தனிச்சொத்து என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில், மிசூரி மாநிலத்தில், 1989ஆம் ஆண்டில் பாட்ரீசியா ஸ்டாலிங்ஸ் என்ற பெண்ணின் கைக்குழந்தை வாந்தியும் மூச்சுத்திணறலுமாக நோயுற்று இறந்தது. மோட்டார் வண்டியில் ஊற்றும் குளிர்விப்பு நீர்மத்தின் நஞ்சு குழந்தையின் இரத்தத்தில் இருந்ததாக ஆய்வுக்கூடம் எழுதித் தந்தது. தாயே நஞ்சூட்டினாள் என்று சிறையில் அடைத்தனர். காவலில் இருக்கையிலேயே அவள் இரண்டாம் குழந்தையைப் பெற்றாள். அந்தக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைத்திருந்தார்கள். அதற்கும் அதே நோய் வந்தது! கொழுப்பு அமிலங்களில் ஒருவகையும் புரதக்கூறுகள் சிலவும் முறிவதில் உள்ள பிறவிக் கோளாறு என்று மருத்துவர்கள் கண்டனர். ஆயினும் 1991 ஜனவரியில் அவளைக் குற்றவாளி என்றே தீர்த்தார்கள், வாழ்நாள் தண்டனை. பிறகு செயின்ட் லூயி பல்கலைக்கழகத்து வில்லியம் ஸ்லை, ஜேம்ஸ் ஷூமேக்கர் ஆகிய அறிஞர்கள் இறந்த குழந்தையின் இரத்தத்தை மீண்டும் ஆராய்ந்தனர். நஞ்சு என்று எழுதியது நஞ்சன்று, நோயால் உடலே உண்டாக்கிய அமிலம் என்று காட்டினர். அதே ஆண்டில் அவள் விடுதலையானாள். அங்கே ஜாதகம் இல்லை, உடுக்கை இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஆய்வாளரின் அவசரம் இருந்தது. அறிவியலின் பெயரால் வந்த பழியை, மேலும் கவனமான அறிவியல்தான் துடைத்தது.

இதைச் சேலத்தில் இருந்துகொண்டு எண்ணிப் பார்ப்பவனுக்கு நெஞ்சு உறுத்தும். பெண்சிசுக் கொலை என்ற கறை படிந்த மாவட்டம் இது. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது இங்கேதான். அந்தக் கொடுமை நடந்தது உண்மை. அதனாலேயே, திடீரென இறந்த பெண்குழந்தையின் தாய் இங்கே ஐயத்தோடு பார்க்கப்படுவாள். ஒருபுறம் கொன்றவர் "விதி முடிந்தது" என்ற போர்வைக்குள் ஒளிந்துகொள்ளலாம். மறுபுறம் குழந்தையை நோய்க்குப் பறிகொடுத்தவள் கொலைகாரி என்ற பார்வைக்கு ஆளாகலாம். இருவரையும் பிரித்துக் காட்ட வல்லது ஒரு துளி இரத்தத்தின் சோதனையே. விதி என்ற ஒரு சொல் கொலைக்கும் நோய்க்கும் பொதுப்போர்வையாக இருக்கும்வரை, குற்றவாளிக்கும் நீதி இல்லை, குற்றமற்றவளுக்கும் நீதி இல்லை.

இனி, நம் வீட்டுத் திருமணங்களுக்கு வருவோம். பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் மெண்டலின் பட்டாணிச் செடி வருகிறது. நம் பிள்ளைகள் கட்டம் போட்டு, நெட்டை, குட்டை என்று நிரப்பி முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். அதே கட்டத்தைத் தங்கள் குடும்ப மரத்தில் போட்டுப் பார்க்க எவரும் சொல்வதில்லை. நாம் போட்டுப் பார்ப்போம். ஒரு பிழையை நூறு பேரில் ஒருவர் சுமப்பதாக வைத்துக்கொள்வோம். உறவில்லாத இருவர் மணந்தால், நூறில் ஒன்று, அதில் நூறில் ஒன்று, அதில் நான்கில் ஒன்று. நோயுற்ற குழந்தை பிறக்கும் வாய்ப்பு நாற்பதாயிரத்தில் ஒன்று. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தால், கணவனிடம் உள்ள அதே பிழை பொதுப் பாட்டன் பாட்டி வழியே மனைவியிடமும் இருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஆகக் கணக்கு ஏறத்தாழ 3,200இல் ஒன்று. அக்காள் மகளை மணந்தால், எட்டு நான்காகிறது. ஏறத்தாழ 1,600இல் ஒன்று. உறவின்முறை நெருங்க நெருங்க ஓலையின் இரு பிரதியும் ஒரே ஏட்டிலிருந்து எடுத்தவை ஆகின்றன. மூலத்தில் பிழை இருந்தால் இரண்டிலும் பிழை.

இதை மிகைப்படுத்துவதும் பகுத்தறிவு ஆகாது. உறவில் மணந்தவரின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். வேலூரில் ராவ், இன்பராஜ் என்ற ஆய்வாளர்கள் 1970களில் வட ஆர்க்காட்டுக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, நெருங்கிய உறவு மணத்தால் எதிர்பார்த்த அளவு பெருந்தீங்கு தென்படவில்லை. பல நூற்றாண்டுகளாக இம்மணங்கள் நடந்ததால் கொடிய பிழைகள் சில முன்பே களையப்பட்டிருக்கலாம் என்பது அறிஞர் சிலர் தரும் விளக்கம். வைதிகர் இதைக் கேட்டு மகிழக்கூடும். களை எவ்வாறு எடுக்கப்பட்டது என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும். பெயர் வைக்குமுன் புதைக்கப்பட்ட குழந்தைகளால் எடுக்கப்பட்டது!

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை. இந்திய அளவில் அது நூற்றுக்கு 11தான். கணக்கு அறியாத மக்கள் என்று நம்மவரைச் சொல்லிவிட முடியுமா? நாமக்கல் பண்ணையாளரைக் கேளுங்கள். வெவ்வேறு வழிவந்த சேவலையும் பெட்டையையும் கலந்து பெற்ற கலப்பினக் குஞ்சைத்தான் விலை கொடுத்து வாங்குவார். தம் கொட்டகைக்குள்ளேயே அண்ணனும் தங்கையுமாகப் பெருகிய கோழியை அவர் முட்டைக்கு வளர்க்கமாட்டார். மனிதனைக் கோழியோடு வைத்து எண்ணுகிறேன் என்று யாரும் சினம் கொள்ள வேண்டாம். கொட்டகையில் பயன்படும் அறிவு கல்யாணப் பந்தலுக்குள் வரும்போது ஏன் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைக்கப்படுகிறது என்பதே என் கேள்வி.

ஏன் என்பதற்கு விடை எளிது: நிலம். காடும் கிணறும் குடும்பத்தை விட்டுப் போகக்கூடாது. பெண்ணின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது; அதை நாம் மறைக்கக்கூடாது. தாய்மாமனை மணந்தவளுக்குப் பாட்டியே மாமியார். சொத்துரிமை இல்லாத பெண்ணுக்கு, அடித்து விரட்டினால் போக இடமில்லாத பெண்ணுக்கு, அந்த வீடு ஓரளவு பாதுகாப்பு. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. அறுபது ஆண்டு கழித்து 1989இல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. சட்டம் வந்த பின்னும் "அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடம்மா" என்று பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் ஓயவில்லை. கையில் சொந்தக் காணி உள்ள பெண்ணுக்கு, பாதுகாப்புத் தேடி மாமன் மடியில் விழ வேண்டிய தேவை என்ன? மரபணுப் பாடம் நடத்துவதோடு நில்லாமல், பெண்ணின் பெயருக்குப் பட்டா மாற்றித் தருவதும் இந்த நோய்க்கு மருத்துவமே.

தோழர்களே, இன்னொன்றையும் நாம் நமக்குள் பேசியாக வேண்டும். புரோகிதர் இல்லை, ஓமப்புகை இல்லை, மேடையில் தலைவர்கள் வாழ்த்துகிறார்கள், மாலை மாற்றுகிறார்கள். 1967இல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய சட்டம் அந்த மணத்துக்கு முழுத் தகுதி தந்துவிட்டது. பெருமைதான். ஆனால் மணமகள் யார்? அக்காள் மகள்! அல்லது ஒரே ஜாதியில், ஒரே வட்டத்தில், பேசி முடித்த பெண். ஐயரை அனுப்பிவிட்டோம், அவர் கட்டிக் காத்த வேலியை நாமே காவல் காக்கிறோம். வடமொழி மந்திரத்தைத் துரத்திவிட்டு, அது ஓதப்பட்டதன் நோக்கத்தை மட்டும் தமிழில் நிறைவேற்றிக்கொள்வதா சீர்திருத்தம்? மேடையில் வாழ்த்திப் பேசும் நம்மில் ஒருவரேனும், "முறைப்பெண் என்று பிறந்த அன்றே முடிவு செய்யப்பட்ட இந்தப் பெண்ணின் விருப்பத்தைக் கேட்டீர்களா?" என்று கேட்டதுண்டா?

இந்த வேலி ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை. ஜாதி முழுவதையும் சுற்றி நிற்கிறது. 2013இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, ஏறத்தாழ 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டு முன்பு வரை இந்நாட்டில் மக்கள் பரவலாகக் கலந்து மணந்தனர் என்றும், பிறகே அந்தக் கலப்பு அருகி அகமணம் இறுகிற்று என்றும் காட்டிற்று. ஆக, தூய இரத்தம் என்று மார்தட்டும் ஒவ்வொரு ஜாதியும் கலப்பில் பிறந்ததே! 2017இல் ஐதராபாத் ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தனர். அவற்றில் 81 குழுக்கள், மிகச் சிறு முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகித் தமக்குள்ளேயே மணந்துகொண்டவை; பரம்பரை நோய்களுக்குப் பேர்போன பின்லாந்து மக்களைவிடவும் அஷ்கெனாசி யூதர்களைவிடவும் கடுமையாக இறுகியவை. அவற்றில் 14 குழுக்களுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேல் மக்கள்தொகை. வைசிய வணிகக் குலத்தாரிடையே, அறுவை மருத்துவத்தின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒருவகை மருந்தை முறிக்கும் நொதி இல்லாத நிலை, மற்றவரைக் காட்டிலும் ஏறத்தாழ நூறு மடங்கு மிகுதி. அது அவர்கள் குற்றமன்று. வேலி கொடுத்த சீதனம். ஒவ்வொரு ஜாதிக்கும் அதன் வேலி ஏதோ ஒரு சீதனத்தை வைத்திருக்கிறது. எண்ணிக்கை பெரிதாயிருப்பதால் தப்பிவிடலாம் என்பதும் இல்லை.

இந்த வேலியைக் காக்கக் கொலையும் செய்கிறார்கள். பாதி ஆண், பாதி பெண் என்று சொன்னேனே, அந்தத் திருச்செங்கோட்டுக் கோயிலுக்கு 2015 ஜூன் 23 அன்று வந்த கோகுல்ராஜ் என்ற பட்டியலின இளைஞர், வேற்று ஜாதித் தோழியோடு பேசினார் என்பதற்காகக் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையத்துக்கு அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளிக்கு வாழ்நாள் சிறை விதித்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இரத்தத் தூய்மையைக் காப்பதாகச் சொல்லி இரத்தம் சிந்தியவர்கள், தாம் காப்பது தூய்மையையா, ஒரே பிழை இருபுறமும் சந்திக்கும் வாய்ப்பையா என்று அறிவார்களா?

இப்போது ஒரு நண்பர் குறுக்கிட்டுக் கேட்கிறார்: "விதி என்றார்கள் அவர்கள், மரபணு என்கிறீர் நீர். பெயர்தானே மாறிற்று? பிறக்கும்போதே எழுதியாயிற்று என்பதில் இருவரும் ஒன்றுதானே?" நல்ல கேள்வி. "எல்லாம் ஜீனில் இருக்கிறது" என்று தோளைக் குலுக்கும் புதிய விதிவாதிகள் படித்தவர்களிடையே பெருகிவிட்டார்கள். விடை அந்த 985ஆம் எழுத்திலேயே இருக்கிறது. ஒரே எழுத்துப் பிழை, இரண்டு குழந்தைகள். ஒன்றின் பிழை முன்பே தெரிந்தது, வேளைக்கு உணவூட்டினார்கள், வளர்ந்து ஆளாயிற்று. மற்றதன் பிழை தெரியவில்லை. ஒரு காய்ச்சல் இரவில் மாண்டது. இருவரின் மரபணுவிலும் வேறுபாடில்லை. வேறுபாடு, தெரிந்ததிலும் தெரியாததிலும் இருக்கிறது. தலையெழுத்தைப் படிக்கவும் முடியாது, படித்தாலும் மாற்ற முடியாது என்பது வைதிகம். மரபெழுத்தைப் படிக்கலாம், அந்த எழுத்தை மாற்றாமலே அதன் விளைவை மாற்றலாம். விதியை நம்புகிறவனுக்கு ஒரு கடமையும் இல்லை, அழுவதைத் தவிர. மரபணுவை அறிந்தவனுக்கு அறிந்த அந்த நொடியிலிருந்தே கடமை தொடங்குகிறது.

அந்தக் கடமை, பிழை சுமப்பவரைப் புதிய தீண்டாதாராக்குவது அன்று. அறிவியலின் பெயரால் அந்த வழியில் போனவர்களும் உண்டு. 1927இல் அமெரிக்க உச்சநீதிமன்றமே, குறையுடையோர் என்று அரசு முத்திரை குத்தியவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்றது. 1933இல் இட்லரின் ஆட்சி அதற்குச் சட்டம் இயற்றிற்று. அந்தப் பாதை எங்கே போய் முடிந்தது என்பதை உலகம் அறியும். இப்படிப்பட்ட மறைவுப் பிழைகள் சிலவற்றைச் சுமக்காத மனிதர் எவரும் இல்லை. உங்களிடமும் உண்டு, என்னிடமும் உண்டு. ஜாதகப் பொருத்தத்தின் இடத்தில் மரபணுப் பொருத்தத்தை வைத்து, பெண் பார்க்கப் போகும்போது "பெண்ணின் இரத்தச் சீட்டு எங்கே?" என்று மட்டும் கேட்கும் காலம் வந்தால், நாம் சோதிடரை அனுப்பிவிட்டு வேறொரு சோதிடரை அமர்த்தியவர்கள் ஆவோம். செய்ய வேண்டியது, பிறந்த குழந்தையின் நோயை முன்கூட்டி அறிந்து உயிரைக் காப்பது.

அதற்கு வழி உண்டு. அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கத்ரி 1960களின் தொடக்கத்திலேயே காட்டிய வழி அது. குழந்தை பிறந்த இரண்டு மூன்று நாளில் குதிகாலில் ஊசியால் குத்தி, சில துளி இரத்தத்தைத் தாளில் ஒற்றி உலர்த்தி, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அன்று ஒரு நோய்க்குச் செய்த சோதனையை, மூலக்கூறுகளை எடைபோட்டுப் பிரிக்கும் கருவி வந்தபின், இன்று ஒரே துளியில் பல பத்து நோய்களுக்குச் செய்கிறார்கள். இங்கிலாந்தில் 2009 முதல் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான் சொன்ன கொழுப்பு அமிலக் கோளாற்றுக்கான சோதனை உண்டு, கட்டணம் இல்லை. பக்கத்துக் கேரளம் அரசு மருத்துவமனைகளில் சில நோய்களுக்கேனும் இதைச் செய்கிறது. இந்திய நாடளாவிய திட்டம் இன்னும் இல்லை. இங்கே தனியார் மருத்துவமனையில் பணம் கட்டினால் செய்கிறார்கள். பணம் கட்ட முடிந்தவர் குழந்தைக்கு மரபணு. முடியாதவர் குழந்தைக்கு விதி!

தமிழ்நாடு இதைச் செய்ய இயலாத மாநிலமா? 2019-21 கணக்கில் இங்கே நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளில் நடந்தவை. வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்த காலம் போய்விட்டது. சேலத்து அரசு மருத்துவமனையிலோ, நாமக்கல்லிலோ, ஒரு வட்டார ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ, இயல்பான பேறு முடிந்த தாயையும் சேயையும் இரண்டு நாள் வைத்திருந்துதான் அனுப்புகிறார்கள். சோதனைக்குரிய நாளில் குழந்தை அங்கேயே இருக்கிறது, செவிலியரும் இருக்கிறார், தடுப்பூசி போட அந்தக் குழந்தையின் துணியை அவர் விலக்கவும் செய்கிறார். குதிகாலுக்கு ஓர் ஊசியும், ஒற்றி எடுக்க ஒரு தாளும், அந்தத் தாள் போய்ச் சேர மண்டலத்துக்கு ஓர் ஆய்வுக்கூடமும்தான் இன்னும் வரவில்லை.